கியோட்டோவில் வாகாஷி கடைக்குச் செல்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஜப்பானியப் பாரம்பரிய இனிப்புகளுக்கு வாகாஷி என்று பெயர். கியோட்டோவுக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் சில ஆண்டுகளாக இந்தக் கடைகளுக்கு அழைத்துச் சென்று வருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நின்ற பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். கண்ணுக்கு அழகாக இருப்பதை வாங்கி, விடுதிக்கு வந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் இறுகிப்போனதை எடுத்துக் கடிக்கிறார்கள். முட்டை சாப்பிடாதவருக்கு, அதில் முட்டை இருப்பது பாதி தின்ற பிறகு தெரிய வருகிறது. யோசிக்க வேண்டியவற்றை வரிசை மாற்றி யோசிப்பதால்தான் இவை நேர்கின்றன. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் பின்பற்றினால் கடைக்குள் நீங்கள் செலவிடப்போவது பத்து நிமிடம்தான்; அந்தப் பத்து நிமிடமும் நிம்மதியாக இருக்கும்.

1. எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எந்த இனிப்பு என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, எந்த வேளைக்கு என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினால் ஒரு வாரம் வைத்துச் சாப்பிடலாம். நெய்யும் சர்க்கரையும் அதைக் காக்கின்றன. வாகாஷியில் நெய் இல்லை, எண்ணெயும் அரிது. பயறு, அரிசி, சர்க்கரை, தண்ணீர் ஆகியவைதான் அதன் உடல். ஆகவே அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறதோ அதைப் பொறுத்தே அதன் ஆயுள் அமைகிறது.

இந்த ஈரத்தை வைத்துத்தான் ஜப்பானியர்களும் வகை பிரிக்கிறார்கள். ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது நமகாஷி. 10 முதல் 30 சதவீதம் வரை இருந்தால் ஹன்-நமகாஷி. 10 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஹிகாஷி, அதாவது உலர் இனிப்பு. பூக்களையும் இலைகளையும் போலக் கையால் வடிக்கப்பட்ட, படங்களில் நீங்கள் பார்த்து மயங்கிய அந்த இனிப்புகள் ஜோ-நமகாஷி என்ற உயர்தர நமகாஷிகள். அவற்றை அன்றோ மறுநாளோ சாப்பிட்டுவிட வேண்டும். பசையரிசியில் செய்யும் மோச்சி வகைகள் பெரும்பாலும் வாங்கிய நாளிலேயே தீர வேண்டியவை. மெல்லிய அரிசி மாவு ஓடுகளுக்கு நடுவே பயற்றுப் பூரணம் வைத்த மொனாகா போன்ற ஹன்-நமகாஷிகள் சில நாள்கள் தாங்கும். அச்சில் அழுத்திச் செய்த ராகுகன், கற்கண்டை நினைவூட்டும் கொன்பெய்தோ ஆகிய ஹிகாஷிகள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கெடாது.

இந்த வரிசைக்குள் அடங்காத ஒன்று நெரி-யோகன். பயற்று விழுதையும் கடற்பாசியையும் நிறையச் சர்க்கரையோடு நெடுநேரம் கிளறிக் கட்டியாக்கிய பாளம் அது. ஈரம் இருந்தாலும் சர்க்கரைச் செறிவு அதைக் காப்பதால், பிரிக்காத பொட்டலம் மாதக்கணக்கில் இருக்கும். ஓராண்டு வரை தாங்குபவையும் உண்டு. ஊருக்கு எடுத்துச் செல்ல விரும்புவோர் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: இன்று எத்தனை பேர் சாப்பிடுவோம், பயணத்தின் நடுவே யாருக்காவது கொடுக்க வேண்டுமா, ஊருக்கு எத்தனை பெட்டி. இந்த மூன்று வரிகளும் மூன்று தனித்தனிக் கொள்முதல்கள். மூன்றையும் முதல் நாளிலேயே ஒரே கடையில் முடிக்க நினைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

2. எந்த வகைக் கடை என்று தேர்ந்தெடுங்கள்

கியோட்டோக்காரர்கள் இனிப்புக் கடைகளைப் பேச்சிலேயே பிரித்துவிடுவார்கள். ஓகாஷியா-சான் என்றால் தேநீர்ச் சடங்குக்கும் பரிசுக்கும் உரிய உயர்தர இனிப்புகளைச் செய்யும் கடை. ஓமன்யா-சான் என்றால் பூரணம் வைத்த மாவு உருண்டையான மஞ்ஜூ போன்ற அன்றாட இனிப்புகளை விற்கும் அக்கம்பக்கத்துக் கடை. ஓமோச்சியா-சான் என்றால் மோச்சியும் பண்டிகைக்கான சிவப்புப் பயற்றுச் சோறும் விற்கும் கடை. முதல் வகையில் விலையும் மரியாதை முறைகளும் கூடுதல். ஜோ-நமகாஷி ஒன்று ஏறத்தாழ 400 முதல் 600 யென் வரை இருக்கும். மற்ற இரண்டிலும் ஒன்றிரண்டு வாங்கிக்கொண்டு எளிதாக வெளியே வரலாம்.

முதன்முறை செல்வோருக்கு நான் சொல்வது: ஓமோச்சியா-சானில் தொடங்குங்கள். தெமாச்சி ஃபுதாபா என்ற 1899 முதல் இயங்கும் கடை, கெய்ஹான் ரயில் தடத்தின் தெமாச்சியானகி நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கிறது. அங்கே மாமே-மோச்சி என்பதற்காகவே வரிசை நிற்கும். உப்பிட்ட செம்பட்டாணி, பசையரிசி மாவோடு கலந்து இடிக்கப்பட்டு, உள்ளே வழவழப்பான பயற்றுப் பூரணம் வைக்கப்பட்டிருக்கும். உப்பும் இனிப்பும் ஒன்றாக நாவில் படும் அந்தச் சுவை, பூரணக் கொழுக்கட்டை தின்று வளர்ந்த நமக்கு உடனே பிடிபடும். ஜோ-நமகாஷியின் மென்மையான, அடக்கமான இனிப்பு பிடிபடச் சற்று நேரம் ஆகும்.

உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் கன்மி-தொகோரோ எனப்படும் இனிப்பு உணவகங்களோ, கடையோடு ஒட்டிய தேநீர் அறைகளோ உண்டு. மொழி பற்றிய தயக்கம் மிகுந்தவர்கள் பெரிய பல்பொருள் அங்காடிகளின் நிலவறை உணவுத் தளத்தில் தொடங்கலாம். அங்கே பல பெயர்பெற்ற கடைகளின் கிளைகள் அருகருகே இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி, அட்டைகளும் ஏற்பார்கள். ஆனால் அன்று காலை செய்த இனிப்புகளின் முழு வரிசையும் கிளைகளில் இருக்காது.

கடைசியாக ஒன்று: ஷோகெட்சு போல, முன்பதிவின் பேரில் மட்டுமே செய்து தரும் கடைகளும் கியோட்டோவில் உண்டு. அவற்றில் நேராக நுழைந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். விரும்பினால் விடுதி வரவேற்பாளரைக் கொண்டு ஓரிரு நாள்களுக்கு முன்பே தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள்.

3. சைவமா, முட்டை உண்டா, ஒவ்வாமை உண்டா: புறப்படும் முன்பே தெளிவாகுங்கள்

இந்தப் படியில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நல்ல செய்தி முதலில். வாகாஷியின் அடிப்படைப் பொருள்கள் பெரும்பாலும் தாவரங்கள். அன் எனப்படும் பூரணம், அட்ஸுகி என்ற சிறு சிவப்புப் பயற்றிலோ வெள்ளைப் பயறு வகைகளிலோ செய்யப்படுகிறது. தோல் நீக்கி வழவழப்பாக அரைத்தது கோஷி-அன், பயறு முழுதாகத் தெரிவது ட்சுபு-அன். கட்டியாக்கப் பயன்படுவது கன்டென். இது நாம் கடல்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் வாங்கும் அதே பொருள்தான், விலங்கு எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் அன்று. மோச்சி பசையரிசியால் ஆனது. செட்டிநாட்டுக் கவுனி அரிசியின் பசைத்தன்மையை நினைத்துக்கொண்டால் போதும். வராபி மோச்சி ஒரு பெரணியின் வேர் மாவிலும், குசு இனிப்புகள் ஒரு கொடியின் கிழங்கு மாவிலும் செய்யப்படுபவை. மேலே தூவும் பழுப்பு நிற கினாகோ, வறுத்த சோயா மாவு.

இனி கவனிக்க வேண்டியவை. பூரணத்தை நடுவே வைத்த இரட்டை அப்பமான தொராயாகி, பஞ்சு போன்ற கேக்கான கஸ்தெரா ஆகிய இரண்டிலும் முட்டை கட்டாயம் இருக்கும். கிமி-ஷிகுரே என்ற, மேற்பரப்பில் வெடிப்புகள் கொண்ட உருண்டையில் மஞ்சள் கரு உண்டு. அவயுகி-கன் என்ற நுரை போன்ற வெண்பாளத்தில் வெள்ளைக் கரு உண்டு. சுட்ட மஞ்ஜூக்களின் மேல்தோல் பளபளப்பாக இருந்தால் முட்டை பூசப்பட்டிருக்கக்கூடும். க்யூஹி என்ற மெல்லிய மாவில் பெரும்பாலும் முட்டை இல்லை. ஆனால் அதன் ஒரு வகையான செப்பேயில் வெள்ளைக் கரு சேரும். க்யூஹி என்ற சொல்லை முற்காலத்தில் மாட்டுத் தோல் என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதியதுண்டு. இதை எங்கேயாவது படித்துவிட்டு அந்த இனிப்பையே ஒதுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மாவின் மென்மைக்கு ஏற்பட்ட பெயர் அது. தோலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

புதுப்பாணி இனிப்புகளில் பாலாடை, வெண்ணெய், ஜெலட்டின் எல்லாம் வரலாம். அரிசி அப்பளம் போன்ற செம்பேயில் இறால் சேர்ந்த வகைகள் பல. இனிப்பு உணவகத்தில் சூடான பயற்றுக் கூழான சென்சாய் கேட்டால் பக்கத்தில் ஒரு சிறு தட்டில் உப்பிட்ட கடற்பாசி வரும். சில தயாரிப்புகளில் அதற்கு மீன் சாறு சேர்க்கப்படுகிறது. அதே உணவகத்தில் கிடைக்கும் சோனி என்ற மோச்சிக் குழம்பும் பெரும்பாலும் மீன் சாற்றில் கொதிப்பது. மிகக் கண்டிப்பான சைவர்களுக்கு இன்னொன்று: சிவப்பு, இளஞ்சிவப்பு நிறங்களுக்குச் சில இடங்களில் கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம் சேர்க்கப்படுகிறது. ஐயம் இருந்தால் வெள்ளை, பச்சை, பழுப்பு நிற இனிப்புகளைத் தேர்ந்தெடுங்கள்.

"நான் வெஜிடேரியன்" என்று மட்டும் சொல்வது இங்கே பயன் தராது. இறைச்சி வேண்டாம் என்பதாக மட்டுமே அதைப் புரிந்துகொள்வோர் பலர். முட்டையும் மீன் சாறும் அந்தச் சொல்லுக்குள் அவர்களுக்கு வராது. பொருளின் பெயரைச் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள். "தமாகோ வா ஹைட்டே இமாசு கா?" என்றால் முட்டை இருக்கிறதா என்று பொருள். தமாகோ என்ற இடத்தில் பாலுக்கு க்யூன்யூ, கோதுமைக்கு கொமுகி, ஜெலட்டினுக்கு செராச்சின் என்று மாற்றிக்கொள்ளலாம். இதைவிடச் சிறந்த வழி, நீங்கள் சாப்பிடாதவற்றின் பட்டியலை விடுதியில் ஒருவரிடம் சொல்லி ஜப்பானிய மொழியில் ஒரு சிறு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்வது. அட்டையை நீட்டினால் கடைக்காரர் உள்ளே சென்று இனிப்பு செய்பவரிடமே கேட்டு வந்து சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒவ்வாமை உள்ளவர்கள் மேலும் ஒரு விவரம் அறிய வேண்டும். பொட்டலமிட்ட உணவில் முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, இறால் போன்ற ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிடுவது ஜப்பானில் சட்டப்படி கட்டாயம். ஆனால் கண்ணாடிப் பேழையிலிருந்து எடுத்து நேரடியாக விற்கும் இனிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே சீட்டு ஒட்டாத இனிப்பில், எழுதியிருக்கவில்லை என்பதை வைத்து இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். கியோட்டோவில் அதிகம் கிடைக்கும் கொனாஷி என்ற வகை, வெள்ளைப் பயற்று விழுதோடு கோதுமை மாவு சேர்த்து அவித்துப் பிசைவது. பார்ப்பதற்குக் கோதுமை சேராத நெரிகிரியைப் போலவே இருக்கும். கோதுமை ஒவ்வாதவர்கள் இந்த இரண்டையும் கேட்காமல் வாங்கக் கூடாது.

4. புறப்படும் நாளில் செய்ய வேண்டியவை

வார விடுமுறை நாள் கடைக்குக் கடை மாறும். ஞாயிறுதான் விடுமுறை என்று நினைக்க வேண்டாம். கடையின் சொந்த அறிவிப்பை அன்று காலை ஒருமுறை பாருங்கள்.

காலையில் செல்லுங்கள். அன்றைக்கென்று செய்தவை தீர்ந்தால் தீர்ந்தவைதான், மாலையில் மறுபடி செய்ய மாட்டார்கள். மாலை நான்கு மணிக்குச் சென்ற நண்பர்களுக்குக் காலியான தட்டுகளே காட்சியளித்தன.

ரொக்கம் எடுத்துச் செல்லுங்கள்; சிறு கடைகளில் அட்டை செல்லாமல் போகலாம். 10,000 யென் தாளை மட்டும் வைத்துக்கொண்டு 200 யென் மோச்சி வாங்கச் செல்வதைத் தவிர்த்து, முன்பே சில்லறையாக்கிக்கொள்ளுங்கள். அடிப்பாகம் தட்டையான ஒரு துணிப்பையும் வேண்டும். ஞெகிழிப் பைக்கு 2020 ஜூலை முதல் தனியாகக் காசு வாங்குகிறார்கள் என்பது ஒரு காரணம். இனிப்புப் பெட்டி சாயாமல் இருக்க வேண்டும் என்பது முக்கியக் காரணம். நறுமணத் தைலம் அதிகம் பூசிக்கொள்ள வேண்டாம். இந்த இனிப்புகளின் மணம் மிக நுண்ணியது, சிறு கடைக்குள் உங்கள் தைலம் அதை மூடிவிடும்.

5. எந்தப் பருவத்தில் எதைக் கேட்பது

வாகாஷி கடையில் பட்டியல் நிலையானதன்று. இருபது நாளுக்கு முன் ஒருவர் படத்தில் காட்டிய இனிப்பைக் கைப்பேசியில் காட்டிக் கேட்டால், பெரும்பாலும் இல்லை என்ற பதிலே வரும். அதற்குப் பதிலாக, இப்போது எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு செல்லுங்கள்.

ஜனவரியில் ஹனபிரா மோச்சி. வட்டமான வெள்ளை மோச்சியை அரைவட்டமாக மடித்திருப்பார்கள். உள்ளே வெள்ளை மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுது சேர்த்த பூரணமும் இனிப்பூட்டிய பர்டாக் என்ற வேரின் ஒரு குச்சியும் இருக்கும். அந்தக் குச்சி இருபுறமும் நீட்டிக்கொண்டிருப்பதைப் பிடிக்கும் காம்பு என்று எண்ணித் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அது உண்பதற்குரியது.

இளவேனிலில் சகுரா மோச்சி. டோக்கியோ பக்கத்தில் கோதுமை மாவுத் தோசை போல மெல்லியதாகச் சுட்டுச் சுருட்டுவார்கள். கியோட்டோவில் குருணையாக உடைத்த பசையரிசியை அவித்து உருட்டுவார்கள். இரண்டிலும் சுற்றியிருக்கும் உப்பிட்ட செர்ரி இலையைச் சேர்த்தே சாப்பிடலாம். ஆனால் மே 5 ஆம் நாள் சிறுவர் விழாவுக்கு வரும் காஷிவா மோச்சியின் ஓக் இலை உண்பதற்கு அன்று. வாழை இலையைப் போலப் பிரித்து வைத்துவிட வேண்டும். இந்த இரண்டு இலைகளையும் மாற்றிக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

கியோட்டோவில் ஜூன் 30 அன்று நீங்கள் இருக்க நேர்ந்தால் மினாசுகி வாங்காமல் வராதீர்கள். வெண்ணிற அவித்த மாவின் மேல் அட்ஸுகி பயறு பரப்பி முக்கோணமாக வெட்டியது அது. முக்கோணம் பனிக்கட்டியின் துண்டைக் குறிக்கிறது. பயறு தீயவற்றை விரட்டும் என்பது நம்பிக்கை. ஆண்டின் முதல் பாதி முடிகிற அந்த நாளில் ஊரே இதைச் சாப்பிடும், அதனால் அன்று காலையிலேயே சென்றுவிடுங்கள். கோடையில் குசு வகைகளும், நீர் மிகுந்த மிசு-யோகனும் வரும். இலையுதிர் காலம் கஷ்கொட்டைக்கு உரியது.

என்ன கேட்பது என்றே தெரியாவிட்டால், "கிசெட்சு நோ மோனோ வா தோரே தெசு கா?" என்று கேளுங்கள், பருவத்துக்குரியது எது என்று பொருள். இந்தக் கேள்வி கடைக்காரருக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஜோ-நமகாஷி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு; பனி, ஓடை, விழும் இலை என்று பருவத்தைச் சுட்டும் பெயர்கள். பெயரையும் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் பாதி அழகு அந்தப் பெயரில் இருக்கிறது.

6. கடைக்குள் நுழைந்த பிறகு

வாசலில் நோரென் எனப்படும் துணித்திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். கதவு மூடியிருந்தாலும் தயங்காமல் பக்கவாட்டில் தள்ளித் திறக்கலாம். திரை உள்ளே எடுக்கப்பட்டிருந்தால் அன்றைய வியாபாரம் முடிந்தது. தட்டிப் பார்க்க வேண்டாம்.

உள்ளே சென்றதும் லேசாகத் தலை தாழ்த்தி "கொன்னிச்சிவா" சொல்லுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். "ஷாஷின் வா ஈ தெசு கா?" என்று கேட்டால் பலர் இசைவார்கள், சிலர் மறுப்பார்கள், மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். கண்ணாடியில் விரல் படாமல், உள்ளங்கையை விரித்துச் சுட்டிக்காட்டுவது மரியாதை. நம் ஊர்க் கடைகளைப் போலச் சுவைத்துப் பார்க்க ஒரு துண்டு கேட்பது இங்கே வழக்கமன்று. அவர்களாக நீட்டினால் பெற்றுக்கொள்ளலாம். பேரமும் இல்லை.

எடைக் கணக்கும் இல்லை, எண்ணிக்கைதான். ஒன்றுக்கு ஹிதோட்சு, இரண்டுக்கு ஃபுதாட்சு, மூன்றுக்கு மிட்சு, நான்குக்கு யொட்சு, ஐந்துக்கு இட்சுட்சு. "கொரே ஓ ஃபுதாட்சு குதாசாய்" என்றால் இதில் இரண்டு கொடுங்கள் என்று பொருள். ஒரே ஒன்று வாங்கவும் வெட்கப்பட வேண்டாம். ஒன்றே ஒன்றையும் அதே கவனத்தோடு பொதிந்து தருவார்கள்.

அடுத்து அவர்கள் கேட்பது, வீட்டுக்கா பரிசுக்கா என்பதுதான். "கோ-ஜிதாகு-யோ" என்ற சொல் காதில் விழுந்தால் வீட்டுக்கா என்று கேட்கிறார்கள். நீங்களே சாப்பிடப் போவதென்றால் ஆம் என்று சொல்லிவிடுங்கள். எளிய பொதியாகத் தருவார்கள், பெட்டிக்கான காசு மிஞ்சலாம். பரிசுக்கென்றால் தாளில் மடித்துச் சுற்றி, கொடுக்கும்போது பயன்படுத்தத் தனியாக ஒரு பையும் வைப்பார்கள். பரிசுக்கு நான்கும் ஒன்பதும் வேண்டாம். அவற்றின் ஒலி இறப்பையும் துன்பத்தையும் நினைவூட்டும் என்பதால் மூன்று, ஐந்து, ஏழு என்று வாங்குவதே நல்லது.

எத்தனை நாள் தாங்கும் என்று கேட்காமல் வெளியே வராதீர்கள். "ஹிமோச்சி வா தோனோ குராய் தெசு கா?" என்பது அந்தக் கேள்வி. "ஹொன்ஜிட்சு-ச்சூ" என்று பதில் வந்தால் இன்றைக்குள் என்று பொருள்.

7. பணம் கொடுக்கும்போது

கல்லாவின் அருகே ஒரு சிறு தட்டு இருக்கும். பணத்தைக் கையில் கொடுக்காமல் அதில் வையுங்கள். மீதியும் பெரும்பாலும் அதிலேயே வரும். எடுத்துச் செல்லும் உணவுக்கு 8 சதவீத வரி, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம். 2019 அக்டோபர் முதல் இருக்கும் இந்த வேறுபாட்டால் அதே இனிப்புக்கு இரண்டு விலை தெரிந்தால் குழம்ப வேண்டாம். அன்பளிப்பாக மேல்காசு வைப்பது வழக்கமில்லை. வைத்தால் தெருவரை ஓடிவந்து திருப்பித் தருவார்கள்.

8. விடுதிக்குக் கொண்டுபோகும் வழியில்

பெட்டியை எப்போதும் கிடைமட்டமாகப் பிடியுங்கள். ஜோ-நமகாஷி களிமண் பொம்மை போல உறுதியானதன்று. கின்டோன் என்ற வகையில் வண்ண விழுதைச் சல்லடையில் தேய்த்து இழை இழையாக்கி, மூங்கில் குச்சியால் ஒவ்வோர் இழையாக உருண்டையின் மேல் ஒட்டியிருப்பார்கள். பை ஒருமுறை சாய்ந்தால் அந்த இழைகள் பெட்டிச் சுவரில் அப்பிக்கொள்ளும்.

இரண்டாவது, மோச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். சோறு குளிரில் விறைப்பதைப் போலவே மோச்சியின் மாவுப்பொருளும் குறைந்த வெப்பநிலையில் விரைவாக இறுகிவிடும். என் அத்தை சென்னையிலிருந்து வந்திருந்தபோது ஆறு மாமே-மோச்சி வாங்கி, மறுநாள் காலைப் பலகாரத்துக்கென்று குளிர்சாதனப் பெட்டியில் பத்திரப்படுத்தினார். காலையில் எடுத்தால் மேல்பரப்பு வெளிறி, விரலால் அழுத்தினால் ரப்பர் போலத் திமிறியது. கத்தியால் வெட்டியபோது பூரணம் மட்டும் மென்மையாகவும் சுற்றியிருந்த மாவு வெடித்துப் பிளந்தும் இருந்தது. "நேற்றே இதைத் தின்றிருக்க வேண்டும்" என்று அவரே சொன்னார். இப்படி இறுகியதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வாங்கிய அன்றே இறுகிவிட்டால், சிறு வாணலியில் எண்ணெய் விடாமல் மிதமான சூட்டில் இருபுறமும் சுட்டால் மறுபடி இளகும். வெயில் கடுமையான ஜூலை, ஆகஸ்டில் மட்டும், கடைக்காரர் குளிர்பொதி வைத்துத் தந்த வகைகளை அவர் சொன்னபடி குளிரில் வையுங்கள்.

முதியவர்களும் சிறு குழந்தைகளும் உடன் இருந்தால் மோச்சியைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுங்கள். தொண்டையில் ஒட்டி மூச்சடைக்கும் விபத்துகள் ஜப்பானில் ஒவ்வொரு புத்தாண்டிலும் நேர்கின்றன. ஒரு வாய் தேநீர் குடித்துத் தொண்டையை நனைத்த பிறகு, நன்றாக மென்று விழுங்கச் சொல்லுங்கள்.

நடந்துகொண்டே தின்பதையும் தவிர்த்துவிடுங்கள். நிஷிகி சந்தையில் அவ்வாறு செய்ய வேண்டாம் என்று கடைக்காரர்களே கேட்டுக்கொள்கிறார்கள். கமோ ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் அங்கே பருந்துகள் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும் என்பதால் மரத்தடியாகப் பார்த்து உட்காருங்கள்.

9. அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவதென்றால்

சில இனிப்புகளை எடுத்துச் செல்லவே முடியாது. கியோன் பகுதியில் உள்ள காகிசென் யோஷிஃபுசா கடையின் குசுகிரி அப்படிப்பட்டது. கிழங்கு மாவில் செய்த கண்ணாடி போன்ற நாடாக்களைப் பனிக்கட்டி மிதக்கும் நீரில் கொண்டுவந்து வைப்பார்கள். கருஞ்சர்க்கரைப் பாகில் தோய்த்து உண்ண வேண்டும். சில நிமிடங்களில் அந்தத் தெளிவு மங்கி வெளுக்கத் தொடங்கிவிடும், அதனால் படம் எடுப்பதை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இமாமியா கோவிலின் வாசலில் எதிரெதிரே இருக்கும் இரண்டு கடைகளிலும் அபுரி-மோச்சி கிடைக்கும். கரிநெருப்பில் வாட்டிய விரல்நுனி அளவு மோச்சித் துண்டுகளை வெள்ளை மிசோப் பாகில் தோய்த்துக் குச்சிகளோடு தருவார்கள். அதுவும் சூட்டோடு உண்ண வேண்டியது. இனிப்பு செய்வதை நேரில் பார்க்க விரும்புவோருக்கு, ட்சுருயா யோஷினோபு கடையின் தலைமையகத்தில் உங்கள் கண்ணெதிரே செய்து கொடுக்கும் மேடை ஒன்று உண்டு.

மட்ச்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடித் தேநீரோடு ஜோ-நமகாஷி வந்தால் வரிசை முக்கியம்: முதலில் இனிப்பு முழுவதையும் உண்டு முடித்து, அதன் பிறகு தேநீர். காப்பியும் வடையும் போல மாற்றி மாற்றி உண்ணும் பழக்கம் இங்கே பொருந்தாது. வாயில் தங்கியிருக்கும் இனிப்பின் மேல் அந்தக் கசப்பு வந்து படும்போதுதான் இரண்டும் சரியாகச் சேரும். தேநீரை முதலில் குடித்தால் கசப்பு மட்டுமே நிற்கும்.

தட்டில் ஒரு மரக்குச்சி இருக்கும். அது குரோமொஜி, பட்டை நீக்காத நறுமண மரத்தில் சீவியது. முழு இனிப்பையும் குத்தித் தூக்கிக் கடிக்காமல், குச்சியின் பக்கவாட்டை மேலே வைத்து மெதுவாக அழுத்தி இரண்டாக்குங்கள். ஒருமுறை எனக்கு வந்தது வெளியே வெளிறிய பச்சை நிறக் கொனாஷி. குச்சி இறங்கியதும் நடுவே கரும்பழுப்புப் பூரணம் வட்டமாகத் தெரிந்தது, வெட்டிய விளிம்பில் ஓர் உதிரல்கூட இல்லை, குச்சியின் மரவாசனை மட்டும் மெல்ல எழுந்தது. ஒவ்வொரு பாதியையும் மறுபடி வெட்டி வாய்க்கு அடங்கும் அளவில் உண்ணுங்கள். உலர்ந்த ஹிகாஷியென்றால் கையாலேயே எடுத்து உண்ணலாம்.

10. ஊருக்கு எடுத்துச் செல்ல வாங்கும்போது

இதைப் பயணத்தின் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கத்தக்கவை மூன்று: சிறு பொட்டலங்களில் வரும் நெரி-யோகன், வாசன்போன் என்ற நுண்ணிய சர்க்கரையில் செய்த ஹிகாஷி, கொன்பெய்தோ. வாசன்போன் ஷிகோகு தீவின் தொகுஷிமா, ககாவா பகுதிகளில் கரும்பிலிருந்து எடுக்கப்படுவது. நாவில் வைத்ததும் மெல்லும் முன்பே கரைந்துவிடும். ஆனால் எளிதில் நொறுங்கும், ஆகவே துணிகளுக்கு நடுவே வையுங்கள். யோகனுக்கு, 1869 இல் தலைநகரோடு சேர்ந்து டோக்கியோவுக்குச் சென்று கியோட்டோவிலும் கடையைத் தொடர்ந்து வைத்திருக்கும் தோராயா எளிதான தேர்வு. விமான நிலையங்களிலும் கிடைப்பதுண்டு.

பொட்டலத்தின் தேதியைப் படிக்கும் முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜப்பானில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவார்கள். 26.6.30 என்று அச்சிட்டிருந்தால் அது 2026 ஜூன் 30. நம் வழக்கப்படி 2030 ஜூன் 26 என்று படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிடக் கூடாது. ஷோஹி-கிகென் என்று எழுதியிருந்தால் அந்தத் தேதிக்குப் பின் உண்ணவே கூடாது. ஷோமி-கிகென் என்றால் அதுவரை சுவை குன்றாது என்று மட்டும் பொருள். எழுத்துகள் தெரியாத நிலையில், தேதியின் மேல் விரல் வைத்து எது என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மிசு-யோகன் போல நீர் மிகுந்த, தளதளப்பான இனிப்புகளைக் கைப்பையில் வைக்காமல், விமானத்தில் சரக்காக ஏற்றும் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடுங்கள்; பாதுகாப்புச் சோதனையில் அவற்றைத் திரவமாகக் கருதக்கூடும். யோகன் பாளத்தை வீட்டில் பிரித்த பிறகு, வெட்டிய முகத்தை உறையால் இறுக்கி மூடிக் குளிரில் வைத்துச் சில நாள்களுக்குள் முடித்துவிட வேண்டும். பாட்டி தாத்தாவுக்குக் கொடுக்கும்போது விரல் அகலத் துண்டுகளாக, சர்க்கரை போடாத தேநீரோடு கொடுங்கள். சர்க்கரை போட்ட தேநீரோடு உண்டால் யோகனின் இனிப்பு தெரியாமலேயே போய்விடும்.